மெட்காஃப் கட்டிய மஞ்சள் ரிப்பன்

"அந்த ஆளை இன்னிக்கு நாலு வார்த்தை கேட்காம விடப்போறதில்ல."

தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கால்வாய்க் கரையில் விறுவிறுவென்று நடந்தாள் ஹேசல். நாள் முழுக்கப் பயந்த நாய்களோடு இருப்பவளுக்குத் தனியாகப் பேசுகிற பழக்கம் தானாக வந்துவிட்டது.

அடுத்தவர் நாய்களைக் கூலிக்கு நடக்கக் கூட்டிப் போவதுதான் அவள் தொழில். ஸ்கிப்டன் ஊரில் மற்றவர்கள் ஆறேழு நாய்களை மொத்தமாகப் பிடித்துக்கொண்டு நடைக்குப் போவார்கள். ஹேசல் ஒரு நேரத்துக்கு ஒரே நாயைத்தான் அழைத்துப் போவாள். அதுவும் ஆள் நிழலைக் கண்டாலே நடுங்குகிற நாயாகப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வாள்.

அந்த நாயின் கயிற்றில் ஒரு மஞ்சள் ரிப்பன் கட்டியிருக்கும். கிட்டே வராதீர்கள், தொடாதீர்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று அதற்கு அர்த்தம். இதை ஊருக்குப் புரியவைக்க அவளுக்கு இரண்டு வருஷம் ஆனது. பள்ளிக்கூடம், தேநீர்க்கடை, தேவாலயம் என்று ஏறி இறங்கிச் சொல்லியிருக்கிறாள்.

முந்தாநாள் அத்தனையும் பாழாய்ப் போனது.

பேர்ல் என்ற வேட்டைநாயை அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். நாலு மாதத்துக்கு முன்னால் வாசலைத் தாண்டாத நாய், இப்போதுதான் இரண்டாவது பாலம்வரை வரத் தொடங்கியிருந்தது. எதிரே வந்த ஒரு அம்மாள், "அடடா, இது என்ன இப்படி இளைச்சுக் கெடக்கு" என்று குனிந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பேர்ல் அலறித் துள்ளியது. வீட்டுக்குப் போய்த் துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் புகுந்ததுதான், இன்னும் வெளியே வரவில்லை.

"ரிப்பன் கண்ணுல படலையா?" என்று அங்கேயே அந்த அம்மாளைக் கேட்டாள் ஹேசல்.

"பட்டுதே. மெட்காஃப் வீட்டு நாய்க்கும் இதேதானே? அது தானா வந்து என் கால்ல உரசி வாலாட்டுது. சும்மா அழகுக்குக் கட்டறாங்கன்னு நெனச்சேன்."

அந்த மெட்காஃப்தான் இப்போது பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். காலடியில் கொழுகொழுவென்று ஒரு கறுப்பு லாப்ரடார். கயிற்றில் மஞ்சள் ரிப்பன்.

ஹேசல் அவர் முன்னால் போய் நின்றாள்.

"நீங்கதானே மெட்காஃப்?"

திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஆமா."

"உங்க நாய் பயப்படுமா?"

நாய் அதற்குள் ஹேசலின் ஷூவின்மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டது.

"டஃபியா? பக்கத்துல பட்டாசு வெடிச்சாலும் குறட்டை விடும்."

"அப்புறம் எதுக்கு சார் ரிப்பன்?"

அவர் ரிப்பனைக் கையால் மூடிக்கொண்டார். அவளுக்கு இன்னும் எரிச்சல் ஏறியது.

"உங்க நாயைப் பார்த்துட்டு ஜனங்க என் நாயைத் தொட வர்றாங்க. நாலு மாசம் சார். ஒவ்வொரு அடியா கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்தேன். இனிமே அது வாசப்படி தாண்டுமான்னே தெரியல. உங்க அலங்காரத்துக்கு அந்தப் பயந்த ஜீவன்தான் கெடைச்சுதா?"

"தப்புதாம்மா. அவுத்துடறேன்."

குனிந்து முடிச்சைப் பிடித்தார். முடிச்சு அவிழவில்லை.

"அவுக்கறது இருக்கட்டும். ஏன் கட்டினீங்கன்னு சொல்லுங்க."

முடிச்சைப் பார்த்துக்கொண்டே பேசினார் மெட்காஃப்.

"இதைக் கூட்டிட்டு வர்றது என் சம்சாரம் ஐவிதான். இந்தக் கரையில அவளுக்குத் தெரியாத ஆளே கெடையாது. பிப்ரவரில போயிட்டா. அப்புறம் நான் கூட்டிட்டு வந்தேன். மொத நாளே பதினோரு பேர் நிறுத்தி, 'டஃபி, எங்கடா உங்கம்மா?'ன்னு கேட்டாங்க. நம்ம ஊர்ல யாரு மனுஷன்கிட்ட கேக்கறா? எல்லாத்தையும் நாய்கிட்டதானே கேப்பாங்க. அது என்னத்தைச் சொல்லும்? நான்தானே சொல்லணும். பதினோரு தடவை சொன்னேம்மா, அவ செத்துட்டான்னு."

ஹேசல் இடுப்பில் ஊன்றியிருந்த கையை எடுத்தாள்.

"அதுக்கப்புறம் ரெண்டு வாரம் நான் வெளியவே வரல. இது பாவம், கதவோரமே படுத்துக் கெடந்துச்சு. ஒரு நாள் ஜன்னல்ல பார்த்தா, நீங்க ஒரு நாயோட போறீங்க. எதிர்ல வந்தவங்கல்லாம் ரிப்பனைப் பார்த்துட்டு வாயைத் தெறக்காம ஒதுங்கிப் போறாங்க. எனக்கும் அதுதானே வேணும்? ஐவியோட தையல் பெட்டியில மஞ்சள் ரிப்பன் இருந்துச்சு. எடுத்துக் கட்டிட்டேன்."

முடிச்சை விட்டுவிட்டு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்களைக் குத்தம் சொல்லலம்மா. ஆனா ஆறு வாரமா இதைக் கட்டியிருக்கேன். டஃபி தானா போய் உரசினாலும் யாரும் நின்னு என்கிட்ட பேச்சுக் கொடுக்கல. ரிப்பனைப் பார்த்துட்டும் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு சத்தம் போட்டது நீங்க ஒருத்தர்தான்."

ஹேசலுக்குச் சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவளுக்கு வெட்கத்தில் காது மடல் சுட்டது.

மெதுவாக ஷூவை நாயின் தலைக்கடியிலிருந்து உருவிக்கொண்டாள். மூன்றடி பின்னால் போனாள். பக்கவாட்டில் திரும்பிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கால்வாய்த் தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். புதிதாக வருகிற நாயிடம் முதல் நாள் இப்படித்தான் நிற்பாள்.

தலையைத் திருப்பாமலேயே சொன்னாள்.

"நாய்கிட்டேர்ந்து அவுத்துடுங்க சார். அவுத்து, உங்க கோட்டுல குத்திக்குங்க."