மேல்தாள்

போருக்கு ஆள் சேர்க்கும் சுவரொட்டி இரண்டு தாள்களாக வரும். மேல்தாளில் விரல் நீட்டி அழைக்கும் வீரனின் முகம், கீழ்த்தாளில் கால்கள்.

மூத்தவனைப் போரில் பறிகொடுத்த தாய், வீட்டின் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும் இளையவனுக்காக, அங்கே ஒட்ட வேண்டாமென்று சுவரொட்டி ஒட்டுகிறவரிடம் கெஞ்சினாள்.

"கீழ்த்தாளை மட்டும் ஒட்டுறேம்மா. வெறும் காலு கூப்பிட்டா யாரு போவா?" என்றார் அவர். கடவுளே வந்து சொன்னதுபோல் கைகூப்பினாள்.

மறுநாள் காலை மேல்தாளும் இருந்தது. பசை இன்னும் காயவில்லை.

"நான் ஒட்டலம்மா. மேல்தாளெல்லாம் கட்டுப் பிரிக்காம எங்க வீட்டுல கெடக்கு."

சுவரில் விரல் நீட்டி நின்றவன் அவளுடைய மூத்த மகன்.

அழுதுகொண்டே சுரண்டுவதற்குக் கத்தியை வைத்தாள். பின்னால் இளையவன் வந்து நின்றான்.

"அண்ணனைச் சுரண்டாதம்மா. வர்றேன்னு சொல்லிட்டேன்."