மணிக்குப் பத்து நிமிடம்

மேனேஜர் டாக்டர் சீட்டை இரண்டாவது தடவையும் படித்தார்.

அவள் எதிரே நின்றாள். இடது காலை லேசாகத் தூக்கி, பாரம் முழுக்க வலது காலில். கடையில் அவளுக்குக் கொக்கு என்று பெயர் வந்தது இப்படித்தான்.

அந்தச் சீட்டு சும்மா கிடைத்துவிடவில்லை. காலையில் டாக்டர் துருவித் துருவிக் கேட்டார்.

கீழே விழுந்தீங்களா? இல்லை. திரும்பும்போது முட்டி பிசகிச்சா? இல்லை. ‘டப்’புன்னு ஏதாவது சத்தம்?

"சத்தமெல்லாம் எங்க வீட்டுக்காரர்தான் போடுவாரு டாக்டர். முட்டி பாவம், வாயே திறக்காது."

மாடி ஏறுவதில்லை, தரைவீடு. குத்துக்காலிட்டுத் துவைப்பதில்லை, மெஷின் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. காலையில் வலி இல்லை. சாயங்காலம் வீங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சமர்த்தாக இருக்கும்.

ஞாயிறு என்றதும் டாக்டரின் பேனா நின்றது.

"வேலையில எவ்வளவு நேரம் உக்காருவீங்க?"

"உக்காரவே கூடாதே."

பதினோரு வருஷம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். சாப்பாடுகூட குடோன் சுவரில் சாய்ந்து நின்றபடிதான்.

இப்படியே விட்டால் முட்டி தேய்ந்து, நடப்பதே பெரும்பாடாகிவிடும் என்றார் டாக்டர். மணிக்குப் பத்து நிமிடம் உட்கார அனுமதிக்கவும் என்று எழுதிக் கொடுத்தார்.

கிளம்பும்போது, "உங்க நாற்காலில ஒரு சக்கரம் ஆடுது டாக்டர், திருகாணியை முடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பழக்கதோஷம்.

மேனேஜர் சீட்டை மடித்தார்.

"உனக்கு விட்டா நாளைக்கு மத்த ஒன்பது பேரும் சீட்டோட வந்து நிப்பாங்க. அது கிடக்கட்டும். நீ உக்கார இங்க எங்கம்மா இடம் இருக்கு?"

நிஜமாகவே கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். நிஜமாகத்தான் கேட்டார்.

அவருக்குப் பின்னால் மூன்று வரிசை சாய்வு நாற்காலிகள். இந்தப் பக்கம் சுவரோடு சுவராக சோபாக்கள். நடுவில் சுழல் நாற்காலிகள், பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல். மொத்தம் நூற்று நாற்பது. தினமும் தூசி தட்டுவது அவள்தான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. ஓர் அம்மாள், மகன் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே வந்தாள்.

"அம்மாவுக்கு முட்டி வலி. தோதா ஒண்ணு காட்டுங்க" என்றான் மகன்.

மேனேஜர் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போ என்று கண்ணைக் காட்டினார்.

அவள் அந்த அம்மாளைத் தாங்கிப் பிடித்து, இருப்பதிலேயே மெத்தென்ற நாற்காலியில் இறக்கினாள். கால் வைக்கும் பலகையை இழுத்துவிட்டாள்.

"அப்பாடா" என்றாள் அந்த அம்மாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுக் கேட்டாள்: "நீ உக்காந்து பாத்திருக்கியா பொண்ணே?"

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"அதை ஏம்மா கேக்கறீங்க" என்று கால் மாற்றி நின்றாள் கொக்கு. "உக்காந்தா எழுந்திரிக்கவே மனசு வராது."