வீட்டு ரேடியோ

அம்மாவின் உள்ளங்கையில் ஓர் எழுத்து விழுந்தது. 'வ'.

வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டான்.

தையல் அறைத் துணி அலமாரியின் இருட்டு. தைத்துத் தொங்கவிட்ட பள்ளிச் சீருடைகளுக்குப் பின்னால் அம்மாவும் ஏழு வயது மகளும் சுருண்டு கிடந்தார்கள்.

தையல்காரியான அம்மாவுக்கு நாலு வயதில் வந்த காய்ச்சலில் போன காது திரும்பவே இல்லை. வெளிச்சம் இருந்தால் போதும், எதிராளியின் உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுவதும் தெரிந்துகொள்வாள். இருட்டில் அவளுக்கு உலகமே ஊமை.

மகள்தான் அந்த வீட்டின் காது. பால் பொங்கினாலும் சரி, குழாய் ஒழுகினாலும் சரி, பக்கத்து வீட்டில் சண்டை வந்தாலும் சரி, ஓடிவந்து ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிடுவாள். "நமக்கு எதுக்கு ரேடியோ? அதான் பெத்து வச்சிருக்கோமே" என்பான் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் அப்பா.

அந்த ரேடியோ இன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ஜலதோஷத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

காலை பதினொரு மணிக்கு எவனோ ஒருவன் அழைப்பு மணியை அடித்துப் பார்த்தான். மூன்று முறை. திறக்க ஆளில்லை. வீடு காலி என்று முடிவுகட்டிவிட்டான்.

கதவை நெம்பும் சத்தத்தில்தான் மகள் விழித்தாள். தையல் அறைக்கு ஓடிவந்து, தரையில் உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்த அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் உதடு சொன்னதைப் பார்த்ததும் அம்மா அவளை இழுத்துக்கொண்டு அலமாரிக்குள் புகுந்தாள்.

கணவனுக்கு ஒரு வரி அனுப்பினாள். போலீசோடு வருகிறேன், மூச்சு விடாதீர்கள் என்று பதில் வந்தது. வெளிச்சம் கதவிடுக்கில் கசியுமே என்று செல்போனை அணைத்துவிட்டாள்.

அதன் பிறகு மகளின் விரல் மட்டும்தான்.

'ப'. படுக்கையறைக்குப் போயிருக்கிறான்.

கையில் என்ன வைத்திருக்கிறான்? கம்பியா, கத்தியா? அதை ஓர் எழுத்தில் கேட்க அம்மாவுக்கு வழியில்லை.

'ச'. சமையலறை.

அங்கிருந்து தையல் அறைக்கு எட்டே அடி. அம்மா மகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். குழந்தையின் நெஞ்சு குருவிக் குஞ்சு மாதிரி அடித்துக்கொண்டது.

அப்போது முதுகுக்குப் பின்னால் பலகை அதிர்ந்தது.

தையல் இயந்திரத்தில் துணி எங்கே சிக்குகிறது, ஊசி எப்போது உடையும் என்பதையெல்லாம் பாதத்தின் அதிர்விலேயே படிக்கிறவள் அவள். உடம்பு பொய் சொல்லாது. இது சமையலறையிலிருந்து வருவதல்ல. பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

மகளின் தோளை இரண்டு முறை தட்டினாள். எங்கே?

'ச'.

மறுபடி பலகை அதிர்ந்தது. கனமாக எதுவோ விழுந்த மாதிரி.

மறுபடி தட்டினாள்.

'ச'. அவசரமே இல்லை. கோடு போட்ட நோட்டில் எழுதுவது போல் நிதானமாக, வளைவெல்லாம் சுத்தமாக.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம் ரேடியோ என்றைக்குத் தப்பாகச் செய்தி வாசித்தது? அடைத்திருந்த மூச்சு மெல்ல இறங்கியது. நேற்று மிஞ்சிய சாப்பாட்டையா இவ்வளவு நேரம் துழாவுகிறான் என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது.

'ச'.

'ச'.

எவ்வளவு நேரமோ தெரியாது. விரல் நின்றது. பிறகு ஒரு முழு வார்த்தையாக எழுதியது. போயிட்டான்.

கொஞ்ச நேரத்தில் அலமாரி திறந்தது. வெளிச்சத்தில் ஒரு பெண் போலீஸ் கை நீட்டிக்கொண்டிருந்தார். வாசலில் கணவன் இன்னொரு போலீஸ்காரரிடம் மூச்சு வாங்கப் பேசிக்கொண்டிருந்தான்.

அம்மா வெளியே கால் வைத்தாள். காலடியில் நூற்கண்டு உருண்டது.

தையல் இயந்திரத்தின் இழுப்பறைகள் எல்லாம் அலமாரியின் காலடியிலேயே கவிழ்ந்து கிடந்தன. ஊசி, பொத்தான், கொக்கி எல்லாம் தரையில். சன்னலோரம் இருக்கும் அவளுடைய நாற்காலி, அலமாரிக்கு ஒரு முழம் தள்ளிப் போடப்பட்டிருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எப்போது?

பெண் போலீஸ் மண்டியிட்டு மகளிடம் ஏதோ கேட்பது, அளவு பார்க்கும் ஆளுயரக் கண்ணாடியில் தெரிந்தது. மகள் முதலில் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முதுகுதான் தெரிந்தது. தைரியமாக வாய் திறந்தாள். குரலை மிகவும் தாழ்த்தியிருக்க வேண்டும், போலீஸ் காதை அருகில் கொண்டுபோனார்.

தாழ்ந்த குரலும் உரத்த குரலும் அம்மாவுக்கு ஒன்றுதான்.

"இங்கதான் ஆன்ட்டி ரொம்ப நேரம் உக்காந்திருந்தான். நான் சமையல் ரூம்னு எழுதிட்டேன். பயந்தா அம்மாவுக்குத் தொண்டையிலேருந்து ஒரு சத்தம் வரும். அது வர்றது அம்மாவுக்கே தெரியாது. சொல்லிடாதீங்க, பாவம்."

மகள் இந்தப் பக்கம் திரும்பினாள். அதற்குள் அம்மா குனிந்து பொத்தான் பொறுக்கத் தொடங்கியிருந்தாள்.

ஒரு கையால்தான். இன்னொரு கை தொண்டையைப் பற்றியிருந்தது.

விரல்களுக்கு அடியில் அது அதிர்ந்துகொண்டிருந்தது.