சனிக்கிழமைக் குஞ்சு

"எடு கூடையை! இது ஆஸ்பத்திரி வாசலா, கோழிச் சந்தையா?"

ஜட்காவில் ஏறப்போன டாக்டர் ஹாலாஸ்யம், எதிரே கோழிக்குஞ்சுக் கூடையை இறக்கிக்கொண்டிருந்த ராமக்காளை அதட்டினார்.

"நான் என்னய்யா பண்ணட்டும்? சனிக்கிழமை செத்தவுக வீட்டுல இன்னொரு உசுரையும் இழுத்துக்கிருவாகன்னு, பாடையில ஒரு குஞ்சைக் கட்டி அனுப்புறாக. கேக்குறவுகளுக்குக் குடுக்குறேன்."

"நாள்ல ஏது நல்லது கெட்டது? ஏழு நாளும் ஒரே சூரியன்தானே உதிக்கிறான்! இந்த மடமையைக் கண்டிச்சுப் பேசத்தான் சோழவந்தானுக்குப் போறேன்."

வைகையின் வடகரையில் இருந்த அந்தத் தர்ம ஆஸ்பத்திரிக்கு அவர் ஒருவரே டாக்டர். வாரம் முழுவதும் நோயோடு போர்; சனி மதியம் முதல் ஞாயிறு வரை ஊர் ஊராக மூடநம்பிக்கையோடு போர்.

நர்ஸ் முத்துத்தாய் ஓடிவந்தாள். "ஐயா, நேத்து வயித்துல ஆபரேஷன் பண்ணுன காளைக்குக் கட்டு நனையுது. இன்னைக்கு ஒருநாள் இருங்கய்யா. சனிக்கிழமைன்னாலே எனக்குப் பயமா இருக்கு."

"படிச்ச நீயுமா நாள் பார்க்கிறே?" என்று சிரித்தார் டாக்டர். "லேசான கசிவுதான். கம்பவுண்டரைக் கட்டு மாத்தச் சொல்லு."

காளையின் மனைவி ஜெயக்கொடி ஜட்காச் சக்கரத்தைப் பற்றிக்கொண்டாள். "புள்ளைக எல்லாம் சிறுசுகய்யா..."

"அழாதேம்மா. போயிட்டு வந்துடறேன். திங்கக்கிழமை உன் புருஷனை எழுப்பி உட்கார வைக்கிறேன்."

சோழவந்தான் கூட்டத்தில் அவர் முழங்கினார். ஏழு நாளும் ஒன்றே என்றபோது எழுந்த கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

திங்கள் காலை, போட்ட மாலை வாடுமுன் திரும்பி வந்தவர் நேரே காளையின் கட்டிலுக்குப் போனார். பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"சனிக்கிழமை பொழுது சாய்ஞ்சும் ரத்தம் நிக்கலைய்யா. தையலைப் பிரிச்சுப் பாக்கக் கம்பவுண்டருக்குக் கை வரலை. அன்னைக்கு ராத்திரியே உசுரு போயிருச்சு" என்றாள் முத்துத்தாய், அவர் முகத்தைப் பாராமல்.

துக்கத்தோடு வாசலுக்கு வந்தார். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ராமக்காள் கண்ணில் பட்டாள். துக்கம் கோபமாயிற்று.

"நில்லு! காளை பாடைக்குக் குஞ்சு கொடுத்தது நீதானே?"

"ஆமாங்கய்யா. பாவம், அந்தப் புள்ளைகிட்டக் காசு வாங்கலை."

"நீ கூடையை இறக்கினப்போ அவன் உயிரோடதானே இருந்தான்? சாவு விழும்னு உனக்கு யார் சொன்னா? சனீஸ்வரனா?"

ராமக்காள் தலை குனிந்துகொண்டாள்.

"சாமி எங்கிட்டுய்யா வந்து சொல்லுது? ஐப்பசி மழையில நீங்க ஊருக்குப் போகாத சனிக்கிழமையெல்லாம் ஒரு குஞ்சுகூட விக்கலை. அதுக்கப்புறம், உங்க ஜட்கா வாசல்ல வந்து நின்னாத்தான் நான் கூடையையே எறக்குறேன்."