முப்பத்தொன்பது இடது கை

"தெரியும், ஆமான்னா வலது கை. தெரியாது, இல்லேன்னா இடது கை. ஆனா கை தூக்காம ஒரு ஆள் உட்காரக் கூடாது. நான் வலது கையாப் பார்த்து எழுப்பிவிடுவேன்."

எழுமலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், எழுபத்தொன்பதில், சரித்திர வாத்தியார் சுப்பராமன் காலையிலிருந்து பத்தாம் வகுப்புக்கு இந்த ஒரே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தார். மதியம் இன்ஸ்பெக்‌ஷன். மாவட்டக் கல்வி அதிகாரி டி.ஈ.ஓ. நல்லதாக நாலு வரி எழுதினால் அவர் ஹெட்மாஸ்டர். இல்லாவிட்டால் ரிடையராகும்வரை சாக்பீஸ்தான்.

"தெரியாதவுக எதுக்கு சார் தூக்கணும்?" என்றாள் மூன்றாம் பெஞ்சு இருளாயி.

"சொன்னதைச் செய். உன் வாயால என் பிழைப்பு கெட்டுடப் போகுது."

டி.ஈ.ஓ. வந்தார். போர்டில் 'இரண்டாம் உலகப் போர்' என்றிருந்ததைப் பார்த்தார்.

"ஜெர்மனியில யூதர்களை வீடு வீடாப் பிடிச்சுட்டுப் போய் லட்சம் லட்சமாக் கொன்னாங்க. அடுத்த வீட்டுக்காரன் ஏன் சும்மா இருந்தான்?"

நோட்ஸில் இல்லாத கேள்வி. சுப்பராமனுக்கு வேர்த்தது.

சரசரவென்று கைகள் எழுந்தன. அத்தனையும் இடது. இருளாயி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுப்பராமன் கண்ணாலேயே அவளைப் பொசுக்கினார்.

"ஏம்மா, உனக்கு மட்டும் தெரியாதா?"

"தெரியும் சார்."

"பின்னே கை தூக்கலியே?"

"அதான் சார் பதிலு. ஊரே கை தூக்குது, நமக்கென்ன, நாமளும் தூக்கிட்டுப் போவோம்னு இருந்திருக்காக. அப்பிடி மட்டும் இருந்துராதீகன்னு போன வாரம் எங்க சாருதான் சொன்னாரு. சொல்லையில அவருக்கே கண்ணு கலங்கிருச்சு."

டி.ஈ.ஓ. சுப்பராமன் தோளைத் தட்டினார். சுப்பராமனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

வாசல்வரை போன டி.ஈ.ஓ. திரும்பினார். "கடைசியா ஒண்ணு. உங்க சார் நல்லாப் பாடம் நடத்துறாரா?"

மொத்த வகுப்பும் கை தூக்கியது. இந்தத் தடவை இருளாயியும்.

"பாத்தீங்களா, ஒரு கைகூடக் குறையலை," என்று சிரித்துக்கொண்டே டி.ஈ.ஓ. நாலு வரி எழுதப் போய்விட்டார்.

சுப்பராமன் மட்டும் நின்று எண்ணிப் பார்த்தார். முப்பத்தொன்பதும் இடது கை.

இருளாயியுடையது மட்டும் வலது.