ஒரே உதை

பால்காரரிடம் பத்து வருஷம் ஓடிய மொபெட்டைச் சுகந்தி வாங்கியபோது தெருவே சிரித்தது. பாதி வழியில் நின்றுபோகும் வண்டி என்று அதற்கு அப்படி ஒரு பேர்.

ஒருநாள் மெக்கானிக் அதற்குப் புது பிளக் போட்டுக் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது, தன் கண்ணாடியில் தொங்கிய ஹெல்மெட்டிடம் மொபெட் மெதுவாகச் சொன்னது.

"தம்பி, இன்னிக்கு ஒரே உதையில கிளம்பிடுவேன்."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்கண்ணே. அக்கா பதினாலு உதை உதைச்சாங்க. அத்தனை அம்மாமாரும் நின்னு வேடிக்கை பார்த்தாங்க. எனக்குள்ள அக்கா முகம் எப்படி வேர்த்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்."



மணி அடித்தது. சுகந்தி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். ஆனால் வண்டியை உதைக்கவில்லை. பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி நின்றாள்.

"உதைங்கக்கா, தயாராத்தான் இருக்கேன்" என்று மொபெட் கெஞ்சியது. அது அவளுக்கு எங்கே கேட்கிறது.

"அம்மா, பசிக்குது" என்றாள் மகள்.

"இருடி, இவங்கள்லாம் போகட்டும்."

ஒவ்வொரு வண்டியாகப் போனது. வாட்ச்மேன்கூட கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்புறம்தான் அவள் உதைத்தாள்.

ஒரே உதையில் வண்டி கிளம்பிவிட்டது.

யாராவது பார்த்தார்களா என்று சுகந்தி சட்டென்று திரும்பினாள். ஒருத்தரும் இல்லை.

"சொன்னபடியே கிளம்பிட்டீங்களேண்ணே" என்றது ஹெல்மெட்.

"பிள்ளை பசியோட இருக்கு தம்பி. பேசாம வா" என்றது மொபெட்.