கோடு போட்ட ஏழு

வானத்தில் போகும் செயற்கைக்கோள் கழிமுகத்தின் நிறத்தைப் படம் பிடிக்கிற அதே நேரத்தில், ஒப்பிட்டுப் பார்க்கக் கீழே படகிலிருந்து பாட்டிலில் தண்ணீர் மொள்ள வேண்டும். இரண்டு வருடமாகப் படகோட்டி மிக்கேலும் ஆராய்ச்சி செய்யும் தேன்மொழியும் இதைச் செய்கிறார்கள். மற்ற நாட்களில் சாயப்பட்டறைக் குழாய் கருஞ்சிவப்பாகக் கொட்டும். செயற்கைக்கோள் வருகிற நாட்களில் மட்டும் ஒரு சொட்டு வராது. "நம்ம ராசி அப்படி அண்ணே," என்பாள் தேன்மொழி. அவனும் நம்பினான்.

இன்று படகைக் கரையோரம் நிறுத்திவிட்டு, குடிதண்ணீர் கேட்டுச் சாயப்பட்டறைக் குழாய்க் காவலாளியின் கொட்டகைக்குப் போனான். அடைத்துக் கிடந்த வால்வுக்கு மேலே, சுவரில் தேதிகள் எழுதிய தாள் ஒட்டியிருந்தது.

"அதுல இருக்கற நாளெல்லாம் காலையிலயே அடைச்சுடணும்ப்பா. மேலிடத்து உத்தரவு," என்றார் காவலாளி.

கடைசித் தேதி இன்றையது, பதினேழு. ஏழின் நடுவே குறுக்காக ஒரு சின்னக் கோடு. தேதி எழுதிய பாட்டில்களின் மேல் அந்தக் கோட்டை அவன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான்.

தண்ணீர் குடிக்காமலே திரும்பினான்.

"எங்க போயிட்டீங்க அண்ணே? நேரமாச்சு, முக்குங்க." தேன்மொழி பாட்டிலை நீட்டினாள்.

மிக்கேல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மூடியைத் திறக்காமல் பாட்டிலை நீருக்குள் அமுக்கினான். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு எடுத்துக் கொடுத்தான்.

கையில் கனமே இல்லாததை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. ஈரத்தைத் துடைத்துவிட்டு, பேனாவைத் திறந்து தேதி எழுதினாள். ஏழுக்குக் குறுக்கே கோடும் போட்டாள்.